ஆன்டிபயாடிக் முடிந்தும் வயிறு சரியாகவில்லை: சாஷேயா, தயிர்சாதமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. தொண்டைப் புண்ணுக்காக ஒரு வாரம் அமாக்ஸிசிலின் சிரப் கொடுத்தோம். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் மூன்று நாளாகத் தினமும் மூன்று நான்கு தடவை தண்ணியாகப் போகிறான். மருந்துக்கடையில் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல கிருமிகள்) சாஷே கொடுத்து, "இது போடாவிட்டால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும்" என்றார்கள். மாமியாரோ தயிர்சாதமே போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மாமியார் பக்கம்தான் சாய்வேன். கடைக்காரர் சொன்னதில் பயமுறுத்தல் அதிகம்.

முதலில் ஓஆர்எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், மறுபடி காய்ச்சல், சிறுநீர் குறைவது, சோர்ந்து படுத்துவிடுவது, இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இன்னும் மூன்று நான்கு நாளில் நிற்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

சரி, எதிர்ப்பு சக்திக்கு வருவோம். குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, பெரும்பாலும் பெருங்குடலில். இந்தப் பக்கம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் ஏராளம். நடுவில் வழுவழுப்பான சளிப்படலம், அதில் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி, அதாவது கிருமிகளில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம். உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகளில் இதுதான் அதிகம். பெரும்பாலும் இது பாக்டீரியாவைக் கொல்வதில்லை. மேலே போர்த்திக்கொண்டு, சுவரை நெருங்க விடாமல் நிறுத்திவைக்கும். சில எதிர்ப்புச் செல்கள் சுவரின் இடுக்கு வழியே மெல்லிய கையை நீட்டி, அந்தப் பக்கம் யார் என்று துழாவிப் பார்க்கும். பெரும்பாலும் "இவன் நம்ம ஆள், விடு" என்பதுதான் முடிவு.

இந்தப் பழக்கம் முழுக்கப் பிறவியிலேயே வருவதில்லை. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளுக்குக் குடலின் எதிர்ப்புத் திசுக்கள் சரியாக வளராது, ஐஜிஏ சொற்பமாகவே இருக்கும். பாக்டீரியாதான் பாடம் நடத்துகிறது. அதோடு, நாம் தின்னும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. வீண் சண்டையை அடக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' உருவாகவும் அது கைகொடுக்கிறது. (2025 மருத்துவ நோபல் இந்தச் செல்களைப் பற்றிய ஆய்வுக்குத்தான்.) அடங்கியிருப்பதும் எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான். அதனால் "எதிர்ப்பு சக்தியை ஏற்றும்" என்று எழுதிய டப்பாவைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆன்டிபயாடிக் தொண்டைக் கிருமியோடு குடலில் இருப்பவற்றையும் கொன்றுவிடுகிறது. புளிக்கவைக்க ஆள் குறைந்ததால் மிஞ்சிய மாவுச்சத்து தண்ணீரை இழுக்கிறது, தண்ணியாகப் போகிறது. ஆரோக்கியமான பிள்ளைக்கு இதனால் எதிர்ப்பு சக்தி சரிந்துவிடாது. சில வாரங்களில் பாக்டீரியாக் கூட்டம் பெரும்பாலும் மீண்டுவிடும்.

சாஷே வீண் என்று சொல்லமாட்டேன். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட் போன்ற சில வகைகள், ஆன்டிபயாடிக் தொடங்கும்போதே கொடுத்தால் பேதி வருவதைக் குறைக்கின்றன. கோர்ஸ் முடிந்த பிறகு கணக்கு வேறு. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் பெரியவர்களிடம் செய்த சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் பல வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்புவது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. எதுவும் எடுக்காதவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் தெரியவில்லை.

தயிர்சாதம் தாராளமாகக் கொடுங்கள், குழைய வடித்து, அதிகம் புளிக்காத தயிரில். தயிரின் பாக்டீரியா குடலில் குடியேறாது, வந்து போகும் விருந்தாளிதான். அதனால் பேதி நின்ற பிறகு இருக்கிற கூட்டத்துக்குத் தீனி போடுங்கள்: பாசிப்பயறு, அவரைக்காய், கீரை, வாழைப்பழம். ஆறிய சோற்றிலும் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடல்வரை போய்ச் சேரும். நார்ச்சத்தே இல்லாத தீனி கொடுத்த எலிகளில் பாக்டீரியா பசியில் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், அந்த சிரப் மிச்சமிருந்தால் அடுத்த சளிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு அது வேலை செய்யாது. தண்ணீர் கலந்த பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அது தாங்குவதும் இல்லை.