கயிலாயம் போக முடியாது, சரி. அப்புறம்?

கேள்வி: எனக்கு 66 வயது. போன வருடம் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. கயிலாய யாத்திரை, வயலின், அப்பா மலேயாவிலிருந்து எழுதிய கடிதங்களைத் தொகுப்பது என எல்லாவற்றையும் ரிட்டயர் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இனி நாள் போதாது என்ற நினைப்பில் ராத்திரி தூக்கமே வருவதில்லை.
(பெயர் வேண்டாம், காரைக்குடி)

பதில்: ஐயா, கயிலாயத்தை விட்டுவிடுங்கள். மலையைச் சுற்றி நடக்கும் பரிக்கிரமாவில் வரும் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் அங்கே. உங்கள் டாக்டர் சம்மதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருட ஆசை, அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். முடியுமா முடியாதா என்று இழுத்துக்கொண்டே இருக்கிற ஆசைதான் ராத்திரியில் ஆளை எழுப்பும்.

வயலினைத் தொடங்குங்கள். ஆரம்பப் பாடமான சரளி வரிசையோடு நின்றாலும் பரவாயில்லை.

கடிதங்கள் விஷயம் வேறு. அதை உங்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது. அப்பா "பெரியவன்", "மேலவீட்டு அண்ணன்", "கிட்டங்கிப் பையன்" என்று பெயரே சொல்லாமல் எழுதியிருப்பார். யார் யார் என்று உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. நாளுக்கு ஒரு கடிதம் போதும். தேதி, ஊர், அதில் வரும் ஆட்கள், என்ன உறவு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், நாளாவட்டத்தில் பழுப்பேறித் தாளையே கெடுத்துவிடும். பழைய போட்டோக்களின் பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் பெயர் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். உங்களுக்கே பிடிபடாத பெயர் வந்தால் அத்தை, சித்தப்பா யாராவது இருக்கும்போதே போன் போட்டுக் கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பைபாஸுக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கும் வருவதுதான். தூக்கம் கெடுவதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. உயில் எழுதிவிடுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டால் செல்லும், பதிவு கட்டாயமில்லை. கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் இப்போதே எழுதிவைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் கையொப்பம் போதும் என்றது. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று வீட்டில் வாயை அடைப்பார்கள். விடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.