விமானத்தில் செல்லும் சைக்கிளுக்கு எந்த ரயர்?

கேள்வி: பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சைக்கிளைக் கொண்டுசென்று, அங்கிருந்து கன்னியாகுமரி வரை ஓட எண்ணியுள்ளேன். ரியூப் இல்லாத ரயருக்கு மாறலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: இப்பயணத்துக்கு ரியூப் உள்ள ரயரையே பரிந்துரைக்கிறேன். ரியூப் இல்லாத ரயரில் நெருஞ்சி முள் போன்றவை ஏற்படுத்தும் சிறு துளைகளை உள்ளிருக்கும் பால் போன்ற அடைப்புத் திரவம் தானாகவே மூடிவிடும். அது பெரிய நன்மைதான். ஆனால் பல விமான நிறுவனங்கள் காற்றைக் குறைக்கச் சொல்கின்றன. முழுவதும் இறக்கினால் ரயரின் விளிம்பு றிம்மை விட்டு விலகித் திரவம் பெட்டிக்குள் ஒழுகக்கூடும். அதை மீண்டும் பொருத்த ஒரே வீச்சில் நிறையக் காற்றுத் தேவைப்படுவதால், கைப்பம்பால் பெரும்பாலும் இயலாது. வெப்பத்தில் அத்திரவம் விரைவில் காய்ந்தும்விடும்.

காற்றை இறக்காவிட்டால் ரயர் வெடிக்கும் என்ற அச்சம் வேண்டாம். பொதி அறையும் அழுத்தம் பேணப்படும் இடமே. ஆயினும் நிறுவனத்தின் விதிக்கு இணங்குங்கள்.

உங்கள் ரயரின் அளவுக்கும் வால்வுக்கும் பொருந்தும் இரண்டு மேலதிக ரியூப்களை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மெல்லிய வால்வுள்ள ரியூப் வழியிலுள்ள சிறு கடைகளில் எளிதில் கிடைக்காது.