பித்தப்பை எடுத்தாச்சுன்னா எண்ணெயே தொடக்கூடாதா?

ஈரோட்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். அம்மாவுக்கு 52 வயசு, கல்லுக்காக பித்தப்பையை லேப்ராஸ்கோப்புல எடுத்து மூணு மாசம் ஆகுது. அன்னைக்கு இருந்து எண்ணெய், நெய், தேங்காய் எதுவுமே சேர்க்காம வெறும் இட்லி, ரசம் சாதம், அவிச்ச காய்னு ஓட்டுறாங்க, எடை இறங்குது, எப்பவும் அசதி. "பித்தப்பை இல்லேன்னா கொழுப்பு செரிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மையா"ன்னு கேட்கிறார். கூடவே இன்னொரு விஷயம், அப்பாவுக்கும் ஸ்கேன்ல கல் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சவர் ஒருத்தர் 4500 ரூபாய்க்கு "கல்லீரல் சுத்தம்" பண்ணி கல்லை வெளியே எடுத்துடலாம்னு சொல்றாராம்.

முதல்ல அம்மா விஷயம். தம்பி, பித்தநீரை உண்டாக்குறது பித்தப்பை இல்ல, கல்லீரல். கிணத்து மோட்டார் கல்லீரல்னா மேல இருக்குற தொட்டிதான் பித்தப்பை, தொட்டியை எடுத்துட்டா தண்ணி நின்னுடாது, எப்பவும் சன்னமா ஓடிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் பித்தநீர் சுரக்குது, பித்தப்பை பிடிக்கிறதே 30ல இருந்து 50 மில்லி. அந்த பித்தநீர் எண்ணெயை சின்னச்சின்ன துளியா உடைக்கும், கணையத்துல இருந்து வர்ற லைபேஸ்ங்கிற செரிமான நொதி அந்த துளியை செரிக்க வைக்கும். இது ரெண்டுமே உங்க அம்மாவுக்கு இன்னும் நடக்குது. இல்லாதது ஒண்ணே ஒண்ணு, ஒரே நேரத்துல நிறைய கொழுப்பு உள்ள வந்தா மொத்தமா பீய்ச்சி அடிக்க கையிருப்பு கிடையாது. அதனால கல்யாண வீட்டுல வடை, பூரி, நெய் பாயசம்னு ஒரே பந்தியில சாப்பிட்டா வயிறு கனத்து பேதியாகும். அதையே மூணு வேளைக்கு பிரிச்சு கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

எவ்வளவு சேர்க்கலாம்? ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிகம் அலையாத பெண்களுக்கு சொல்ற அளவே நாளைக்கு 20 கிராம் எண்ணெய்தான், அதாவது டீஸ்பூன்ல நாலுக்கு கொஞ்சம் மேல. அம்மா நாளைக்கு ரெண்டு டீஸ்பூன்ல ஆரம்பிக்கட்டும். இட்லிப் பொடியில அரை ஸ்பூன் நல்லெண்ணெய், மதியம் பொரியல் தாளிக்க ஒரு ஸ்பூன், ராத்திரி தோசைக்கு அரை ஸ்பூன். ஒரு வாரம் ஒத்துக்கிச்சுன்னா தேங்காய் சட்னி கொஞ்சம், அப்புறம் முட்டை. எண்ணெயே இல்லாம கேரட்டும் கீரையும் அவிச்சு அவிச்சு சாப்பிட்டா அதுல இருக்குற ஏ சத்து சரியா உள்ள போகாது, டி, ஈ, கே கூட கொழுப்போட சேர்ந்துதான் ரத்தத்துக்குப் போகணும். ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, சாதத்துல இருக்குற மாவுச்சத்துல 4 தான், அதனால எண்ணெயை நிறுத்தினவங்களுக்கு எடை இறங்காம என்ன செய்யும்? அசதிக்கு மட்டும் ரத்தசோகை இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. எண்ணெய் தொட்டாலே தண்ணியா போகுதுன்னா அது பித்தநீர் பெருங்குடலுக்கு வழியுறதால இருக்கலாம், அதைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா பட்டினி போடாதீங்க.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொல்லியிருக்கணும். லட்சக்கணக்குல பில் போடுற இடத்துல சம்மரியில "லோ ஃபேட் டயட்"னு ரெண்டு வார்த்தை, எவ்வளவு நாளைக்குன்னு ஒரு வரி கிடையாது. கேட்டா சுகர் பேஷண்டுக்கும் பித்தப்பை பேஷண்டுக்கும் ஒரே ஜெராக்ஸ் தாளை நீட்டுறாங்க. இதுக்கு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் போட முடியலைன்னா எனக்கு கோபம்தான் வருது.

இந்த குழப்பத்துலதான் விக்கிறவன் உள்ள வர்றான். "கொலஸ்ட்ரால் ஃப்ரீ"ன்னு பாட்டில்ல போட்டு விலையை ஏத்துவான். கடலை, எள்ளு, தேங்காய், சூரியகாந்தி எந்த எண்ணெயிலயுமே கொலஸ்ட்ரால் இல்லைன்னே வச்சுக்கலாம், அது மிருகத்துல இருந்து வர்ற உணவுல இருக்குறது. செக்கு எண்ணெய் நல்லதுதான், ஆனா அதுவும் முழுக்க கொழுப்புதான், செக்குல ஆட்டினதுன்னு அளவு கூடிடாது. அடுத்தது எம்.சி.டி ஆயில். இதுல மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கு, அதனால நிதானமா சொல்றேன். நடுத்தர நீளச் சங்கிலி மாதிரி இருக்குற ஒரு வகை கொழுப்பு இருக்கு, அதுதான் எம்.சி.டி, அதுக்கு பித்தநீர் அவ்வளவா தேவையில்ல, குடல்ல இருந்து நேரா கல்லீரலுக்கே போயிடும், கணையமே வேலை செய்யாதவங்களுக்கு, சில குழந்தைகளுக்கு, டாக்டர்கள் அதை எழுதிக் கொடுக்கிறாங்க. ஆனா உங்க அம்மாவுக்கு கணையமும் கல்லீரலும் நல்லா இருக்கு, அவங்களுக்கு அது தேவையே இல்ல. "அப்போ தேங்காய் எண்ணெயே எம்.சி.டி தானே"ன்னு அடுத்த ஆள் வருவான். தேங்காய் எண்ணெயில அந்த வகை சுமார் 15 சதவீதத்துக்குள்ளதான், பாதிக்கு பாதி இருக்குற லாரிக் அமிலம்ங்கிற கொழுப்பு பெரும்பாலும் சாதாரண கொழுப்பு மாதிரிதான் போகுது. சமைக்க ஊத்துங்க, மருந்துன்னு கரண்டி கரண்டியா குடிக்காதீங்க.

இப்போ அப்பா. அந்த 4500 ரூபாய் ஆள் பண்ணப்போறது என்னன்னா, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சை சாறும் குடிக்க வச்சு, பேதி உப்பு கொடுத்து, காலையில கக்கூஸ்ல மிதக்குற பச்சை உருண்டையைக் காட்டி "பாருங்க கல்லு"ன்னு சொல்லுவார். அது கல்லே இல்ல. 2005ல நியூசிலாந்துல ஒரு பெண் 600 மில்லி ஆலிவ் எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சை சாறும் குடிச்சு வந்த உருண்டைகளை டாக்டர்கிட்ட கொண்டுபோனாங்க, சோதிச்சா 40 டிகிரி சூட்டுல பத்து நிமிஷத்துல பச்சை எண்ணெயா உருகிடுச்சு. அவங்க குடிச்ச எண்ணெயே குடல்ல பிரிஞ்சு, எலுமிச்சையில இருக்குற பொட்டாசியத்தோட சேர்ந்து சோப்பா உருண்டுருக்கு. நிஜக் கல்லு எல்லாம் பித்தப்பையிலயே இருந்துச்சு, பிறகு ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க.

ஏமாத்துறதோட போச்சுன்னா பணம்தான் நஷ்டம்னு விட்டுடலாம். ஆனா அவ்வளவு எண்ணெய் ஒரேயடியா உள்ள போனா பித்தப்பை இறுக்கிச் சுருங்கும், சின்னக் கல்லு ஒண்ணு நகர்ந்து ஆறு ஏழு மில்லிமீட்டர் அகலம் இருக்குற பித்தக்குழாய்ல போய் அடைச்சா மஞ்சள் காமாலை, கணைய வீக்கம்னு ஐ.சி.யூ வரைக்கும் போகும். காய்ச்சல், கண் மஞ்சள், மூத்திரம் காபி கலர், மலம் வெளுத்துப் போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

அப்பாவுக்கு வலியே இல்லைன்னா அந்தக் கல்லுக்கு இப்போ எதுவுமே பண்ண வேண்டியிருக்காது, ஸ்கேன் ரிப்போர்ட்டோட ஒரு சர்ஜனைப் பாருங்க. கல்லைக் கரைக்கிறேன்னு பவுடர் டயட்ல பட்டினி கிடக்க வேண்டாம், வேகமா எடை குறைஞ்சா கல்லு இன்னும் கூடும். அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தா திருப்பிக் கேளுங்க, தரலைன்னா பணம் போனா போகட்டும், அப்பாவை மட்டும் அனுப்பாதீங்க.