அந்த உறையை ஒட்டாதீர்கள்

வெளிநாடு வாழ் வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இத்தாலியில், பதுவா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வந்திருக்கிறேன். தங்கும் அனுமதிக்குத் தபால் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். வீட்டருகே உள்ள கிளையில் ‘இங்கே வாங்குவதில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிளையில் இருந்த அம்மாள் என் உறையைத் தொடக்கூட இல்லை. தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வந்த எட்டு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம், மூன்றுதான் மிச்சம். ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?
– ஒரு மாணவி, பதுவா

பதில்: உறையை ஒட்டிக்கொண்டு போயிருப்பீர்கள், தங்கையே. நம் ஊரில் ஒட்டாமல் கொடுத்தால்தான் திட்டு விழும். இங்கே நேர்மாறு. மஞ்சள் பட்டை போட்ட அந்தப் பெரிய உறையைத் திறந்த நிலையில் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் படிவத்தையும் நகல்களையும் உங்கள் அசல் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொள்வார்கள்.

எட்டு நாள் என்பது எட்டு வேலை நாள். ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் வராது. ஆகவே பதற்றம் வேண்டாம், ஆனால் நாளைக்கே போங்கள். எல்லாக் கிளையும் இதை வாங்காது. ‘ஸ்போர்தெல்லோ அமீகோ’ என்று பலகை வைத்த கவுன்ட்டர் உள்ள கிளைகளில் மட்டும்தான். படிவ உறையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். அதைக் காசுக்கு விற்க யாராவது வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

தபால் நிலையத்துக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முன்பெல்லாம் க்வெஸ்தூரா எனப்படும் காவல் அலுவலக வாசலில் விடியும் முன்பே வரிசை நிற்கும். 2006 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் விண்ணப்பம் வாங்கும் பொறுப்பை இத்தாலியத் தபால் துறையிடம் ஒப்படைத்தது. வரிசை தபால் நிலையத்துக்குள் வந்துவிட்டது. மழையில் நனையாமல் நிற்கிறோம், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் உங்கள் அனுமதியைத் தீர்மானிப்பவர் அல்லர். உங்கள் படிப்பு, உதவித்தொகை, அறை கிடைக்காமல் பட்ட பாடு எதையும் அவரிடம் விளக்காதீர்கள். அவருக்கு வேண்டியது மூன்றே: உறையில் இருக்க வேண்டியது இருக்கிறதா, எதிரே நிற்பது பாஸ்போர்ட்டில் உள்ள முகமா, பணம் கட்டியாயிற்றா. நம்மவர்கள் பலர் கதை சொல்லத் தொடங்கித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்த மாலைகளில் தொழிற்சங்க உதவி மையம் ஒன்றில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வாரம் தவறாமல் இதைப் பார்க்கிறேன்.

பணம் பல வாசல்களில் போகும். 16 யூரோ முத்திரை வில்லையைத் தபால் நிலையத்தில் தேடாதீர்கள். அது ‘டி’ என்ற எழுத்துப் பலகை தொங்கும் சிகரெட் கடையில் கிடைக்கும். ஓராண்டு வரையிலான அனுமதிக்கு நான் கடைசியாக விசாரித்தபோது கட்டணம் 70.46 யூரோ, இதை அதற்கென்ற செலுத்துச் சீட்டில் தபால் நிலையத்திலேயே கட்டலாம். உறையை ஒப்படைக்கும்போது தபால் துறைக்கு இன்னொரு 30. முணுமுணுக்கத் தோன்றும். ஒரு காலத்தில் இதற்கு 80 முதல் 200 யூரோ வரை வாங்கினார்கள். தொழிற்சங்கம் வழக்குப் போட்டு, அது அளவுக்கு மீறிய தொகை என்று 2015-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்கள்.

படிவத்தைக் கறுப்பு மையில், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்புங்கள். மாணவர்களுக்கு முதல் படிவம் போதும். இரண்டாவது இங்கே சம்பாதிப்பவர்களுக்கு. பெயரில்தான் தமிழர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அவர்களுக்கோ அது இல்லாமல் கட்டம் நிரம்பாது. உங்கள் விசாவில் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அதையே எழுதுங்கள். எழுத்தும் இலக்கமும் கலந்து பதினாறு இடம் கொண்ட இத்தாலிய வரி எண்ணும் அதே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணில் பெண்களின் பிறந்த தேதியோடு நாற்பதைக் கூட்டிப் போடுவார்கள். 12-ஆம் தேதி பிறந்தவர் 52 ஆகிவிடுவார். அது பிழை என்று சண்டைக்குப் போகாதீர்கள். என் விஷயத்தில் ஓர் அலுவலகம் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகவும், இன்னொன்று அதையே என் பெயராகவும் பதிந்துவைத்தது. சில மாதங்கள் நானே என் தகப்பனாராக வாழ்ந்தேன்.

ஒப்படைத்ததும் ரசீதும், விரல்ரேகை பதிய வேண்டிய நாளும் நேரமும் அச்சிட்ட தாளும் தருவார்கள். அனுமதி அட்டை வரும்வரை நீங்கள் முறைப்படி தங்கியிருப்பதற்கு அந்த ரசீதுதான் ஆதாரம். அசலைப் பத்திரமாக வைத்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் நான்கு பாஸ்போர்ட் அளவுப் படங்களோடு க்வெஸ்தூராவுக்குப் போங்கள்.

கேள்வி: தூரினில் வேலை பார்க்கும் மகனுக்கு நெய்யும் பால்கோவாவும் இட்லிப்பொடியும் அனுப்பினேன். ஒன்றும் சேரவில்லை, மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. இட்லிப்பொடி என்ன பாவம் செய்தது?
– ஒரு தாய், திருவில்லிபுத்தூர்

பதில்: சேர்க்கை சரியில்லை, அம்மா. வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தனியாட்கள் அனுப்பும் பார்சலில் இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் தடை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். உங்கள் ஊர்ப் பால்கோவாவின் பெருமை சுங்கத்தில் எடுபடாது. வேடிக்கை என்னவென்றால், குடல் நீக்கிய கருவாடு 20 கிலோ வரை போகலாம்.

அடுத்த முறை பொடி, வடகம், முறுக்கு என்று நெய் கலக்காததாகப் பார்த்து அனுப்புங்கள். சுங்கப் படிவத்தில் ‘உணவுப் பொருள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிறுத்திவிடுவார்கள். என்ன பொருள், எத்தனை கிராம், என்ன விலை என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். அன்பளிப்பு என்று குறித்து, மொத்த மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி கிடையாது.

மகனிடமும் ஒன்று கேளுங்கள்: வீட்டு வாசல் மணிப் பலகையிலும் தபால் பெட்டியிலும் அவர் பெயர் இருக்கிறதா? முகவரி முழுதும் சரியாக இருந்தாலும், அங்கே பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று எழுதித் திருப்பிவிடுவார். ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டினாலும் போதும்.

கேள்வி: அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம், அட்டை வரவில்லை. தங்கை கல்யாணத்துக்கு ரசீதை வைத்துக்கொண்டு சென்னை போய் வர முடியுமா?
– ஒரு தம்பதி, ரெஜ்ஜோ எமிலியா

பதில்: முடியும். ரசீதின் அசல், பாஸ்போர்ட், காலாவதியான பழைய அட்டை மூன்றும் கையில் இருக்க வேண்டும். பயண முகவர் மலிவு என்று பிராங்க்ஃபர்ட் வழியாகவோ பாரிஸ் வழியாகவோ டிக்கெட் போட்டால் வாங்காதீர்கள்; ஷெங்கன் எனப்படும் பொது விசா ஐரோப்பிய நாடுகளில் வேறு எதிலும் இறங்கி மாற இந்த ரசீது செல்லாது. தோஹா, துபாய் வழியாக இத்தாலியிலிருந்து கிளம்பி இத்தாலிக்கே திரும்புங்கள். விரல்ரேகைக்கு அழைத்திருக்கும் தேதி கல்யாணத் தேதியோடு மோதுகிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.