நார்மண்டி இழப்புக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் 1944 ஜூன் 6-இல் ('டி-டே' என்பது அந்த நாள்தான்) நேச நாடுகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நடத்திய படையிறக்கத்தின் இழப்புப் பட்டியல்களைப் பற்றியவை. பதில்களில் திரும்பத் திரும்ப வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்தப் படைகள், எந்த வகை இழப்பு: இந்த மூன்றும் ஒட்டிவராத எண்ணைக் கையால் தொடாதீர்கள்.

கே: ஐயா, ஜூன் 6 அன்று இறந்த நேச நாட்டு வீரர்கள் 2,500 என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்றில் 4,400. ஒரு நாளிதழில் 10,000 பேர் பலி என்று படித்தேன். எதை எடுத்துக்கொள்வது?

ப: அந்த நாளிதழை மடித்து வையுங்கள். 10,000 என்பது இழப்பு; அதாவது இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர், சிறைப்பட்டவர் எல்லாரையும் கூட்டி வந்த தொகை. மற்ற இரண்டும் வேறுவேறு முறையில் போட்ட கணக்குகள். 2,500 என்பது நெடுநாளாகப் புழங்கிவந்த பழைய மதிப்பீடு. 4,400 சொச்சம், வர்ஜீனியாவின் பெட்ஃபோர்டில் உள்ள தேசிய டி-டே நினைவகம் பெயர் பெயராகச் சரிபார்த்துத் தொகுத்தது. 4,414 என்று வெளியிட்டார்கள். புதுப் பெயர் உறுதியாகும்போது அது சற்று நகரும். அந்த 4,400-க்குள் அமெரிக்கர் மட்டுமே 2,500 பேர். பழைய கணக்கில் எல்லா நாட்டுக்கும் சேர்த்துச் சொன்ன எண்ணும் புதிய கணக்கில் ஒரே நாட்டுக்கு வரும் எண்ணும் ஒன்றுபோல அமைந்துவிட்டதால்தான் இவ்வளவு குழப்பம். எழுதும்போது 'குறைந்தது 4,400' என்று எழுதுங்கள்.

கே: அமெரிக்க முதலாம் ஆர்மியின் டி-டே அறிக்கையில் இறந்தவர் 1,465 என்றுதான் இருக்கிறது. நினைவகமோ 2,500 என்கிறது. ஆயிரம் பேரை நினைவகம் எங்கிருந்து கொண்டுவந்தது?

ப: அதே அறிக்கையின் மீதி வரிகளையும் படித்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. இறந்தவர் 1,465, காயம் 3,184, காணாமல்போனவர் 1,928, சிறைப்பட்டவர் 26. மொத்தம் சுமார் 6,600. அந்த 26-ஐக் கவனியுங்கள். கோட்டன்டான் தீபகற்பத்தின் சதுப்புகளில் இரண்டு வான்வழி டிவிஷன்கள் சிதறி விழுந்த இரவில் வெறும் 26 பேரா பிடிபட்டிருப்பார்கள்? எதிரியிடம் பிடிபட்டவன் பெயர் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பின்னால்தான் வந்து சேரும். அதுவரை அவன் 'காணாமல்போனவர்' பத்தியில் நிற்பான். நீரில் மூழ்கியவனும் அதே பத்தி, வேறு கம்பெனியோடு ஒட்டிக்கொண்டு சண்டை போட்டவனும் அதே பத்தி. அந்த 1,928 பேர் பின்னால் இறந்தவர், சிறைப்பட்டவர், உயிரோடு திரும்பியவர் என்று பிரிந்தார்கள். போதாக்குறைக்கு, இது தரைப்படை அறிக்கை. கடற்படையினர் இதில் இல்லை. உங்கள் ஆயிரம் பேர் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறார்கள்.

கே: அமெரிக்கர் இறங்கிய யூட்டா கடற்கரையில் இறந்தவர் 197 தானே?

ப: இல்லை. 197 என்பது 4-ஆம் டிவிஷனின் அன்றைய மொத்த இழப்பு. அதில் 60 பேர் கரையையே தொடவில்லை. 29-ஆம் பீரங்கி பட்டாலியனின் 'பி' பேட்டரியில் (பீரங்கிக் குழுவில்) ஒரு பகுதி கடலிலேயே போனபோது காணாமல்போனவர்கள்.

கே: அமெரிக்கர் இறங்கிய ஒமாஹா கடற்கரைக்கு 2,000, 2,400, 3,000, 4,700 என்று நான்கு எண்கள் கிடைத்தன. நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்து 3,000 என்று கட்டுரையில் போடலாமா?

ப: கூடாது. நான்கு வெவ்வேறு பொருளின் எடையைக் கூட்டி நான்கால் வகுத்தால் எந்தப் பொருளின் எடையும் கிடைக்காது. உங்கள் 2,400-க்கு மட்டும் விவரமான அடிப்படை இருக்கிறது. அது 5-ஆம் கோர் (டிவிஷன்கள் சில சேர்ந்த பெரும்படை) தந்த 2,374. அதில் இறந்தவர் 694, காயம் 1,349, காணாமல்போனவர் 331. பிரிவுவாரியாகப் பார்த்தால் 1-ஆம் டிவிஷன் 1,190, 29-ஆம் டிவிஷன் 743, கோரின் நேரடிப் படைகள் 441. இரண்டு வகையிலும் கூட்டிப் பாருங்கள், 2,374 வரும். இப்படி இரு வழியிலும் கூட்டு பொருந்தும் எண்ணை உடைத்துப் பார்த்து ஆராயலாம். வெறுமனே '3,000' என்று நிற்கும் எண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

அதற்காக 2,374 முழுமையானது என்று நினைக்கவும் வேண்டாம். கடலடித் தடைகளை வெடிவைத்து உடைக்கப் போன கடற்படை அணிகளில் ஒமாஹாவில் 31 பேர் இறந்தார்கள், 60 பேர் காயம்பட்டார்கள். கோர் எழுதும் கணக்கில் கடற்படை வராது. பெரிய எண்கள் வருவது பெரும்பாலும் இப்படி விட்டுப்போனவர்களையும் பின்னால் இறந்ததாக உறுதியானவர்களையும் சேர்ப்பதால். எந்தெந்தப் படைகள் சேர்த்தி என்று கேட்காமல் எண்ணைத் தொடாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

கே: வான்வழிப் படைகளின் இழப்பு 2,499. அமெரிக்கர் மொத்த மரணமும் ஓரிடத்தில் 2,499 என்று பார்த்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதா?

ப: தற்செயல். முதலாவது 101-ஆம் டிவிஷனின் 1,240-உம் 82-ஆம் டிவிஷனின் 1,259-உம் சேர்ந்த மொத்த இழப்பு. அதில் பாதிக்கு மேல் காணாமல்போனவர்கள். இரண்டாவது, நினைவகத்தின் பெயர்ப் பட்டியலில் முன்பு இருந்த மரண எண்ணிக்கை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போடாதீர்கள்.

கே: நான் தயாரிக்கும் பட்டியலில் சில அமெரிக்க வீரர்களுக்கு இறந்த தேதி 1945 ஜூன் 7 என்று வருகிறது. ஜெர்மனி சரணடைந்ததே 1945 மே 8. ஆண்டு தவறாக அச்சாகியிருக்கிறது என்று எல்லாவற்றையும் 1944 ஜூன் 7 எனத் திருத்திவிட்டேன். சரிதானே?

ப: சரியில்லை. உடனே பழையபடி மாற்றுங்கள். மாதத்துக்கு ஒருவராவது இதைச் செய்துவிட்டுப் பெருமையாக எழுதுகிறார்கள்.

அது அச்சுப்பிழை அல்ல, சட்டம் கொடுத்த தேதி. 1942 மார்ச்சில் அமெரிக்கா காணாமல்போனவர் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒருவன் காணாமல்போய்ப் பன்னிரண்டு மாதம் ஆகியும் உயிரோடு இருப்பதற்கோ இறந்ததற்கோ சான்று இல்லையென்றால், அவன் கோப்பை மறுபடி பார்த்து இறந்ததாக முடிவுசெய்யலாம். சம்பளம் வரவு வைப்பதை நிறுத்தவும் குடும்பத்துக்குச் சேரவேண்டியதைத் தீர்க்கவும் ஒரு தேதி வேண்டுமே, அதற்குப் பன்னிரண்டு மாதம் முடிந்த மறுநாளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம். 1944 ஜூன் 6-இல் காணாமல்போனவனுக்கு அது 1945 ஜூன் 7. ஆக அது கணக்குப்பிள்ளை போட்ட தேதி. அன்று யாரும் சாகவில்லை. அதே தேதி நினைவுச் சுவரிலும் தரவுத்தளங்களிலும் அப்படியே ஏறிவிட்டது.

நீங்கள் ஆண்டை மட்டும் மாற்றியதால் டி-டே அன்று போனவர்கள் எல்லாரும் மறுநாள் இறந்தவர்களாகிவிட்டார்கள். ஒரு நாள்தானே என்று சொல்லாதீர்கள். ஒரே நாளின் மரணத்தை எண்ணும் பட்டியலில் ஒரு நாள்தான் எல்லாமே. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1945 ஜூன் என்று பார்த்ததும், ஐரோப்பாவில் போர் முடிந்தபின் விபத்திலோ நோயிலோ இறந்தவர் என்று எண்ணி நார்மண்டிப் பட்டியலிலிருந்தே பெயரைத் தூக்கிவிடுகிறார்கள். மாதவாரி வரைபடம் போட்டுவிட்டு 1945 ஜூனில் ஏன் திடீரென்று மரணம் கூடுகிறது என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

செய்யவேண்டியது இது. 1946-இல் அமெரிக்கப் போர்த் துறை மாநிலம், கவுன்ட்டி (மாவட்டம்) வாரியாக வெளியிட்ட தரைப்படை மரணப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே சுருக்கக் குறி இருக்கும். கே.ஐ.ஏ. என்றால் களத்தில் கொல்லப்பட்டவர், டி.ஓ.டபிள்யூ. காயத்தால் பின்னர் இறந்தவர், டி.என்.பி. போர் சாராத மரணம், எஃப்.ஓ.டி. என்றால் மேற்படிச் சட்டப்படி இறந்ததாக முடிவுசெய்யப்பட்டவர். எஃப்.ஓ.டி. குறியும் ஓராண்டு ஒரு நாள் தள்ளிய தேதியும் சேர்ந்து வந்தால், காணாமல்போன தேதியை வேறு ஆவணத்தில் தேடுங்கள்; கம்பெனி தன் ஆட்களைப் பற்றி நாள்தோறும் எழுதும் காலை அறிக்கை நல்லது. இயந்திரம்போல எல்லாவற்றிலும் 366 நாள் கழித்துவிடாதீர்கள். சில கோப்புகளை ஓராண்டு முடிந்தும் மூடாமல் 'காணாமல்போனவர்' என்றே நீட்டித்தார்கள். அவற்றில் தேதி இன்னும் தள்ளிப்போகும். உங்கள் அட்டவணையில் இரண்டு பத்திகள் வையுங்கள்: ஆவணத்தில் உள்ள தேதி, நீங்கள் முடிவுசெய்த தேதி. முதலாவதை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

கே: படையிறக்கத்துக்கு முன் நடந்த டைகர் ஒத்திகையில் இறந்தவர் 749-ஆ, 946-ஆ?

ப: 749 தான் பரவலாக ஏற்கப்படுவது. 1944 ஏப்ரல் 28 அதிகாலை இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் ஜெர்மன் விரைவுப் படகுகள் எல்.எஸ்.டி. (டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பல்) 507, 531 கப்பல்களை மூழ்கடித்தன, 289-ஐச் சேதப்படுத்தின. தரைப்படை 551, கடற்படை 198, ஆக 749. இந்த 749-ஐத் தரைப்படை மட்டும் என்று நினைத்துக் கடற்படையை மறுபடி கூட்டிப் பாருங்கள், 946-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஏப்ரல் மரணத்தை ஜூன் 6 கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது, சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

கே: கனடியர் இழப்பும் 946 என்று இருக்கிறதே?

ப: அது ஜூனோ கடற்கரையில் இறங்கிய கனடியத் தரைப்படையின் பழைய அதிகாரபூர்வக் கணக்கு, அதில் மரணம் 335. பின்னாளைய கணக்கில் இறந்தவர் 340, காயம் 574, சிறை 47, ஆக 961. அதோடு 1-ஆம் கனடியப் பாராசூட் பட்டாலியனின் 113-ஐச் சேர்த்தால் 1,074, மரணம் 359. அந்தப் பட்டாலியன் பிரிட்டிஷ் 6-ஆம் வான்வழி டிவிஷனின் கீழ் சண்டையிட்டது. ஆகவே பிரிட்டிஷ் பக்கத்திலும் ஒருமுறை, கனடியப் பக்கத்திலும் ஒருமுறை ஏறிவிடும். எந்தப் படைகள் சேர்த்தி என்று பாருங்கள்.

கே: நார்மண்டியின் கோல்வில் அமெரிக்கக் கல்லறையில் 9,388 சிலுவைகள். அப்படியானால் டி-டே மரணம் 9,388 தானே? ஏன் எல்லாரும் மறைக்கிறார்கள்?

ப: யாரும் எதையும் மறைக்கவில்லை. அங்கே ஜூன் 6-க்குப் பின் பல வாரங்கள் நடந்த சண்டையில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். ஜூலை 12-இல் மாரடைப்பால் இறந்த ஜெனரல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியரும் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் தம்பி குவென்டின். 1918-இல், முதல் உலகப் போரில் இறந்தவர், பின்னால் கொண்டுவந்து புதைத்தது. மறுபக்கம், போருக்குப் பின் உறவினர் விருப்பப்படி அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்ட உடல்கள் இங்கேயே தங்கியவற்றைவிட அதிகம். எல்லாக் கல்லும் சிலுவையும் அல்ல. யூத வீரர்களுக்குத் தாவீதின் நட்சத்திரம். காணாமல்போனவர் சுவரில் உள்ள 1,557 பெயர்களை இதோடு கூட்டவும் வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் வெண்கலப் பூ இருந்தால் அவர் உடல் பின்னால் கிடைத்து அடையாளம் காணப்பட்டது என்று பொருள். அவருக்கு எங்கோ கல்லறையும் இருக்கும்.

கே: ஒரே ஒரு அமெரிக்க வீரரின் மரணத்தைச் சரிபார்க்க வேண்டும். செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீயில் எல்லாம் எரிந்துவிட்டது என்கிறார்களே?

ப: 1973 தீயில் எரிந்தவை பணிக்கோப்புகள், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. இறந்தவருக்கென்று தனியாகத் திறந்த கோப்பு, ஐ.டி.பி.எஃப். என்பார்கள், அதில் சேராது. அதைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். தற்காலிகக் கல்லறையின் மனை, வரிசை, எண், பல் வரைபடம், உடலை எங்கே புதைப்பது என்று குடும்பம் எழுதிய கடிதம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

முதலில் ராணுவ எண்ணைப் பிடியுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பலர் வருவார்கள். பிறகு 1946 பட்டியலில் குறியைப் பாருங்கள். பிறகு கம்பெனியின் காலை அறிக்கை. அதில் தாளின் தலைப்பில் உள்ள தேதி வேறு, பெயருக்கு எதிரே எழுதிய தேதி வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. படையிறங்கிய நாளில் எழுத்தர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. பதிவுகள் நாட்கள் கழித்து வந்தன. அதனால் அடுத்த சில வாரத் தாள்களையும் திருத்தப் பதிவுகளுக்காகப் புரட்டுங்கள். காணாமல்போனவர் என்று எழுதியதை இறந்தவர் என்று மாற்றியது அங்கேதான் கிடைக்கும். கல்லறைக் கல்லைக் கடைசியில் பாருங்கள்.

கே: பிரிட்டிஷ் வீரர் என்றால்?

ப: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தொடங்கி, லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 417 வரிசை இழப்புப் பட்டியல், டபிள்யூ.ஓ. 171 வரிசை போர் நாட்குறிப்பு என்று போங்கள். ஆணையத்தின் கணக்கு 1947 டிசம்பர் 31 வரை நீளும், மரணத்தின் காரணத்தையும் பார்க்காது. தேதி வரம்பு போடாமல் தேடினால் போருக்குப் பின் லாரி விபத்தில் இறந்தவரும் வந்து உட்கார்ந்துகொள்வார்.

கே: ஜெர்மன் டி-டே இழப்பு 4,000 முதல் 9,000 வரை என்கிறார்கள். இவ்வளவு அகல இடைவெளி ஏன்?

ப: கரையோரப் பிரிவுகள் பல அன்றே நொறுங்கின, அறிக்கை எழுத ஆளில்லை. இருந்தவர்களும் பெரும்பாலும் நாள்வாரியாக அன்றி, பல நாட்களைச் சேர்த்துத்தான் எழுதினார்கள். அந்த எண்ணும் மொத்த இழப்பே, மரணம் அல்ல.

கே: பிரெஞ்சுப் பொதுமக்களையும் சேர்க்கலாமா?

ப: தனி அட்டவணையில். நார்மண்டியில் சுமார் 20,000 பேர், பெரும்பாலும் குண்டுவீச்சில். படையினர் எண்ணோடு கூட்டாதீர்கள்.

கே: இணைத்துள்ள பக்கத்தில் உள்ள எண் சரியா என்று சொல்லவும்.

ப: எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று ஒன்றுமில்லை. அட்டவணையின் தலைப்பும் அடிக்குறிப்பும் படத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன. முழுப் பக்கத்தையும் மறுபடி அனுப்புங்கள்.