நான் ஏன் மிஞ்சினனான்?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து 54 வயதுத் தாய் ஒருவர் எழுதுகிறார்: "2009 சித்திரையில, கடைசிச் சண்டைக்குள்ள, மாத்தளனில தண்ணி எடுக்கப் போன மகன் செல் விழுந்து செத்தான். நான் பங்கருக்குள்ள இருந்தனான். இப்பவும் விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடும். சாப்பாடு இறங்குதில்லை. பட்ட துன்பத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கெண்டு சனம் சொல்லுது. என்ன அர்த்தம் டொக்டர்? நான் ஏன் மிஞ்சினனான்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பின்னேரத்தில கணக்குக் கேட்டு வருவாள், போ எண்டாலும் போகாள். மற்றும்படி ஒருத்தரும் இல்லை."

அம்மா, உங்கள் மகனின் சாவுக்கு அர்த்தம் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். செல்லுக்கு ஏது அர்த்தம்? ஆறுதலுக்குத்தான் சனம் சொல்கிறது. உங்களுக்கு அது இன்னொரு பாரமாகிவிட்டது.

"நான் பங்கருக்குள்ள இருந்தனான்" என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை வருசமும் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். தண்ணிக்குப் போனதும் குற்றமில்லை, உள்ளே இருந்ததும் குற்றமில்லை.

வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கிள் ஒரு யூதர். 1942இல் ஹிட்லரின் நாசிகள் அவரை வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாய், தகப்பன், சகோதரன், மனைவி நால்வரையும் முகாம்களில் இழந்தார். அங்கே இரண்டு பேர் சாக நினைத்தார்கள். வாழ்க்கையிடம் எதிர்பார்க்க இனி ஒன்றுமில்லை என்றார்கள். உங்களிடம் எதிர்பார்ப்பது யார், எது என்று ஃபிராங்கிள் கேட்டார். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு பிள்ளை. மற்றவருக்கு எழுதி முடிக்காத அறிவியல் நூல்கள். இந்த வழியிலேயே பின்னாளில் பலருக்குச் சிகிச்சை செய்தார்.

அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: நீக்கக்கூடிய நோவைத் தாங்கிக்கொண்டிருப்பதில் பெருமையில்லை. உங்கள் நித்திரையும் பசியும் கெட்டது மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. வன்னியில் இழப்பில்லாத வீடு அரிது என்பதால், 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்று எத்தனையோ பேர் கிளினிக்குக்கு வராமலே கிடந்து மாய்கிறார்கள். இது எனக்குத் தீராத கவலை. மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தைரொய்ட்டுக்கும் இரத்தச் சோகைக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குளிசை தந்தால், அது பிடிக்கச் சில கிழமைகள் எடுக்கும், இடையில் நிறுத்தவேண்டாம். உளவளத்துணையாளரிடம் அந்தப் பங்கர் கதையை முழுதாகச் சொல்லுங்கள்.

சாகவேண்டும் என்ற நினைப்பு வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள், அல்லது அயலில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒருத்தரும் இல்லை என்று எழுதினீர்கள். போ என்றாலும் போகாத ஒருத்தி, கொப்பியோடு உங்கள் வாசலில் நிற்கிறாளே. மகனின் இடத்தை அவள் நிரப்பத் தேவையில்லை. அந்த இடம் அவனுடையது. அவளுக்கு வேண்டியது கணக்கு. இப்போது என்ன படிக்கிறாள், பின்னமா, வகுத்தலா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.