முட்டி வலிக்கு இடுப்பை ஏன் அமுக்குகிறார்?

கேள்வி: எனக்கு வயது 46. படி இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் வலது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லையாம். பிசியோதெரபிஸ்ட் முட்டியை விட்டுவிட்டுத் தொடையையும் இடுப்பையும் அமுக்குகிறார். தொடையில் ஓர் இடத்தில் அமுக்கினால் முட்டியில் சுள்ளென்கிறது. இது சரியான வைத்தியம்தானா?

பதில்: சரியாகத்தான் பார்க்கிறார், ஆளை மாற்றிவிடாதீர்கள். தசையில் இறுகிப்போன இழைக்குள் முடிச்சு போலக் கைக்குத் தட்டுப்படும் அந்த இடம்தான் ட்ரிகர் பாயிண்ட். வலியை வேறிடத்துக்கு அனுப்புவது அதன் குணம். தொடையின் உட்புறத் தசையில் இருந்தால் முட்டியின் முன்னும் உள்பக்கமும் வலிக்கும். கெண்டைக்காலில் இருந்தால் முட்டிக்குப் பின்னால். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு வைத்தியம் பார்த்த ஜேனட் டிராவெல் இதையெல்லாம் படங்களோடு விளக்கிப் பிரபலப்படுத்தினார். அதே காலை இன்னொருவர் தடவிப் பார்த்தால் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது என்பார், அதுவும் உண்டு. அதனால் அமுக்குவதோடு மட்டும் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

இடுப்புக்கு வருவோம். கண்ணாடி முன் வலது காலில் மட்டும் நின்று, முட்டியை லேசாக மடக்குங்கள். முட்டி உள்பக்கம் சாய்கிறதா? இடது இடுப்பு கீழே இறங்குகிறதா? அப்படியானால் வலது புட்டத்தின் பக்கவாட்டுத் தசைக்குப் போதிய பலம் இல்லாமல் இருக்கலாம். அது இழுத்துப் பிடிக்காவிட்டால் தொடை எலும்பு உள்ளே திரும்பும், முட்டிச்சில்லின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் ஏறும். படி இறங்கும்போது உடம்பின் எடை முழுக்க ஒற்றைக் காலில் அல்லவா? பலவீனத்தால் வலி வந்ததா, வலியால் பலவீனம் வந்ததா என்று எங்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லை. எதுவானாலும், தொடையோடு இடுப்புக்கும் பயிற்சி கொடுத்தால் இந்த வலி பலருக்கும் குறைகிறது.

இடதுபக்கமாகப் படுத்து, வலது காலை நீட்டி, குதிகாலைச் சற்றுப் பின்னால் வைத்தபடி மேலே தூக்குங்கள். இடுப்பைப் பின்பக்கம் சாய்த்துவிட்டால் வேலை முன்தசைக்குப் போய்விடும். எல்லோரும் ஏமாற்றுவது இங்கேதான். 10 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பலம் ஏற 6 வாரமாவது ஆகும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி வீங்கினாலோ, நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.